‘தூய தூய தூயா’ – டைக்ஸின் ‘நிசேயா’ ராகம்: தமிழ் அடிகளை எப்படிப் பிரிப்பது, எந்தச் சுருதி, எந்த வேகம்?

#1 – பாமாலை_பிரியை

திரித்துவ ஞாயிறுக்கு ‘தூய தூய தூயா, சர்வ வல்ல நாதா’ எடுக்கிறோம். ராகம் ஜான் பேக்கஸ் டைக்ஸின் ‘நிசேயா’. பாமாலைப் புத்தகத்தில் சொல் மட்டும்தான் இருக்கிறது. ஸ்வரத்துக்கு ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்தால் முதல் வரியிலேயே இடிக்கிறது. ஆங்கில முதல் வரிக்கு 11 அசை, தமிழுக்கு 12. மூன்று கேள்விகள்:

1. கூடுதல் அசையை எங்கே வைப்பது?
2. டி, ஈ ஃப்ளாட், ஈ என்று மூன்று சுருதியிலும் அச்சாகியிருக்கிறது. சபையாருக்கு எது சரி?
3. வேகம் என்ன?

கடைசி வரியில் ‘காருணியரே’ என்பதைக் கொயர் ஒரு மாதிரியும் சபை ஒரு மாதிரியும் பாடுவதற்கு என்ன தீர்வு என்பதையும் சொன்னால் நல்லது.

#2 – சோல்ஃபா_வாத்தியார்

முதலில் ராகத்தை அப்படியே எழுதிவிடுகிறேன். நான்கு வரி, வரிக்கு நான்கு பார், பாருக்கு நான்கு எண்ணிக்கை. ஆக மொத்தம் 16 பார், 64 எண்ணிக்கை. மேல் ஷட்ஜத்தை ச' என்று குறிக்கிறேன். ஸ்வரத்தை அடுத்து வரும் கோடு இன்னொரு எண்ணிக்கை நீட்டல், புள்ளி அரை எண்ணிக்கை நீட்டல். புள்ளிக்கு அடுத்த ஸ்வரம் அரை எண்ணிக்கைதான்.

வரி 1: ச ச க க | ப – ப – | த – த த | ப – க –
வரி 2: ப. ப ப ப | ச' – நி ப | ரி ப த. ப | ப – – –
வரி 3: ச ச க க | ப – ப – | த. த த த | ப – ப –
வரி 4: ச' – ப ப | த – க – | ம ரி ரி. ச | ச – – –

இப்போது வரி 1-ஐயும் வரி 3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது பாரில் வரி 1-க்கு மூன்று ஸ்வரம், வரி 3-க்கு நான்கு. உங்களுக்கு வேண்டிய கூடுதல் இடத்தை டைக்ஸே வரி 3-இல் போட்டு வைத்திருக்கிறார். ஆகவே தமிழ் முதல் வரிக்கு வரி 3-இன் தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்:

தூ ய தூ ய | தூ – யா – | சர். வ வல் ல | நா – தா –

‘சர்’ ஒன்றரை, ‘வ’ அரை, ‘வல்’ ஒன்று, ‘ல’ ஒன்று. ஒற்றோடு வரும் ‘சர்’ நீள்கிறது, தனிக்குறில் ‘வ’ குறுகுகிறது. தமிழ் வாய்க்கு இதைவிட இயல்பான பிரிப்பு கிடைக்காது. மூன்றாம் வரி ‘மூ. வ ரா ன | ஏ – கா –’ அதே அச்சில் உட்கார்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மூன்றாம் பார் ஒன்றாகிவிட்டதே என்று நான்காம் பாரையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. வரி 1 ‘நாதா’ ப-விலிருந்து க-வுக்கு இறங்கும். வரி 3 ‘ஏகா’ ப-விலேயே நிற்கும். இரண்டையும் இறக்கிப் பாடுவதுதான் இந்தப் பாட்டில் அதிகம் நடக்கும் தவறு. விளைவு உடனே தெரியும்: வரி 4 தொடங்கும் ச'-வைப் ப-விலிருந்து தொடுவது எளிது, க-விலிருந்து எட்டிப் பிடிப்பது கடினம். அந்த இடத்தில் சபை தட்டையாக விழுந்தால் காரணத்தை ச'-வில் தேடாதீர்கள், அதற்கு முந்தின ஸ்வரத்தில் தேடுங்கள்.

#3 – மெட்ரிக்கல்_இன்டெக்ஸ்

வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆங்கிலப் புத்தகங்களின் பாவளவு அட்டவணையில் இந்த ராகத்துக்கு 11.12.12.10 என்று போட்டிருப்பார்கள். அந்த எண் முதல் கண்ணிக்கு மட்டுமே பொருந்தும். ரெஜினால்ட் ஹீபர் எழுதிய ஆங்கில மூலத்தை எண்ணிப் பார்த்தால்:

கண்ணி 1: 11, 12, 12, 10
கண்ணி 2: 12, 13, 13, 10
கண்ணி 3: 12, 13, 12, 10
கண்ணி 4: 11, 13, 12, 10

இரண்டாம் வரியில் 12 அசை இருப்பது முதல் கண்ணியில் மட்டும்தான். மற்ற மூன்று கண்ணிகளிலும் இரண்டாம் பாரின் ‘ச' –’ என்ற நீட்டலை ‘ச' ச'’ என்று இரண்டாக உடைத்துத்தான் ஆங்கிலேயரும் பாடுகிறார்கள். இரண்டாம் கண்ணியில் கேருபீன், சேராபீன் வரும் மூன்றாம் வரியில் ‘ப – ப –’ என்பதை ‘ப ப ப –’ ஆக்க வேண்டும். நல்ல பதிப்புகள் இதற்கெல்லாம் சிறிய ஸ்வரமோ புள்ளிக்கோடு போட்ட வளைவோ அச்சிடும்.

ஆகையால் தமிழ் அடிகள் ராகத்தில் ‘ஒட்டவில்லை’ என்று வருத்தப்பட ஒன்றுமில்லை. இந்த ராகத்தின் இரண்டு எண்ணிக்கை ஸ்வரங்கள் உடைந்து கொடுக்கிற இடங்கள். எந்தக் கண்ணியில் எது உடையும் என்று பென்சிலால் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும், அவ்வளவே.

தமிழின் இரண்டாம் வரியோ சரியாக 12, உடைக்கவே வேண்டாம்:

தே. வ ரீர்க் கெந் | நா – ளும் சங் | கீ தம் ஏ. று | மே – – –

#4 – பெடல்_போர்டு

சுருதி பற்றி. 1861-இல் முதன்முதலாக அச்சானபோது ஈ மேஜர். இந்த ராகத்தின் வீச்சு சரியாக ஒரு ஸ்தாயி: கீழ் ச முதல் மேல் ச' வரை, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. ச' ஒரு கண்ணிக்கு இரண்டு இடத்தில் வருகிறது: வரி 2-இன் இரண்டாம் பார், வரி 4-இன் தொடக்கம். நான்கு கண்ணிக்கு எட்டு முறை.

ஈ மேஜரில் நாற்குரலாகப் பாடினால் சோப்ரானோ மட்டும்தான் அந்த உயரத்துக்குப் போக வேண்டும். எல்லாரும் ஒரே குரலில் பாடும் சபையில் ஆண்களும் அங்கே ஏற வேண்டியிருக்கிறது. காலை ஆராதனையில், அதுவும் முதல் பாட்டாக, அது தொண்டையைக் கட்டும். டி போதும். சி-க்கு இறக்காதீர்கள்: பாட்டின் முதல் ஸ்வரமே ராகத்தின் மிகத் தாழ்ந்த ஸ்வரம், சி-யில் அது முணுமுணுப்பாகத் தொடங்கும். ‘தூய’ என்ற முதல் சொல்லே கேட்காவிட்டால் பாட்டு எழும்பாது.

#5 – டெனர்_பெஞ்ச்

டி என்று சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொயர் நாற்குரலில் தனியாக ஒரு கண்ணி எடுத்தால் அந்தச் சுருதியில் பேஸ் வரி மிகவும் அடியில் போகும். ஈ ஃப்ளாட்டில் வைத்துக்கொண்டு சபையை அதிலேயே பாடவைக்கலாமே? அரைச் சுருதி வித்தியாசத்துக்கு யாரும் சாக மாட்டார்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை இது ஆராதனைப் பாட்டு, நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை தாண்டக் கூடாது என்பது என் கட்சி.

#6 – பெடல்_போர்டு

அண்ணே, 60 என்றால் கணக்குப் போடுங்கள். 64 எண்ணிக்கைக்கு ஒரு கண்ணி 64 விநாடி. ஒரு வரி 16 விநாடி. பயிற்சி இல்லாத சபையார் 16 விநாடி ஒரே மூச்சில் போக முடியாது, ஆகவே நடுவில் எங்காவது மூச்சு வாங்குவார்கள். அந்த ‘எங்காவது’ ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இடம். மூச்சு வாங்கினவர் அரை எண்ணிக்கை பிந்துவார், அவரைக் கேட்டு ஆர்கன் பிந்தும், மூன்றாம் கண்ணிக்குள் 60 என்பது 52 ஆகியிருக்கும்.

96-இல் ஒரு வரி 10 விநாடி. ஒரு வரி ஒரு மூச்சு. கண்ணி 40 விநாடி. இது அவசரம் அல்ல, நடை. ஆலயம் பெரிதாக இருந்து எதிரொலி அதிகமென்றால் 84-க்கு இறங்கலாம், அப்போது கண்ணி ஏறத்தாழ 46 விநாடி. அதற்குக் கீழே போனால் ‘ப – ப –’ போன்ற நீட்டல்கள் வெறும் காத்திருப்பாக மாறிவிடும்.

#7 – டெனர்_பெஞ்ச்

மூச்சுக் கணக்கை நான் யோசிக்கவில்லை. 84 ஏற்றுக்கொள்கிறேன், 96 எனக்கு இன்னும் வேகம்தான். ஆனால் 1-ஆம், 3-ஆம் வரி முடிவில் ஓய்வே எழுதவில்லையே? அங்கே மூச்சுக்கு இடம் எது?

#8 – சோல்ஃபா_வாத்தியார்

கடைசி ஸ்வரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ‘தா –’, ‘கா –’ இரண்டும் இரண்டு எண்ணிக்கை. ஒன்றைப் பாடுங்கள், ஒன்றை மூச்சுக்குக் கொடுங்கள். 2-ஆம் வரி முடிவில் நான்கில் மூன்று பாட்டு, ஒன்று மூச்சு. இப்படிச் செய்தால் எந்த வரியும் பிந்தித் தொடங்காது. எல்லா வரியும் பாரின் முதல் தட்டிலேயே தொடங்குகிறது, முன்தட்டு எங்கும் கிடையாது. அதனால் மூச்சு பிந்தினால் அடுத்த வரியின் முதல் அசையே கெடும்.

கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே எத்தனை எண்ணிக்கை என்பதை ஒருமுறை முடிவு செய்து நான்கு கண்ணிக்கும் அதையே வைத்திருங்கள். கடைசி ஸ்வரம் நான்கு எண்ணிக்கை முழுதாக, பிறகு இரண்டு எண்ணிக்கை நிசப்தம், அடுத்தது தொடக்கம். இதைச் சபை இரண்டாம் கண்ணிக்குள் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மாற்றினால் எப்போதும் கற்றுக்கொள்ளாது.

#9 – பாமாலை_பிரியை

மிக்க நன்றி ஐயா. ‘காருணியரே’ விஷயம் இன்னும் பாக்கி.

#10 – மெட்ரிக்கல்_இன்டெக்ஸ்

இரண்டு வழி உண்டு. இரண்டும் ராகத்தில் உட்காரும்.

அ) சுருக்கிப் பாடுவது – ‘காருண்யரே’, ‘த்ரியேகரே’, மொத்தம் 10 அசை:
கா – ருண் ய | ரே – தூ – | ய த்ரி யே. க | ரே – – –

ஆ) அச்சில் இருக்கிறபடி – ‘காருணியரே’, ‘திரியேகரே’, மொத்தம் 12 அசை:
கா ரு ணி ய | ரே – தூ – | ய திரி யே. க | ரே – – –

ஆ-வில் மேல் ச' இரண்டாக உடைகிறது, ‘திரி’ ஒரே எண்ணிக்கைக்குள் அரை அரையாக விழுகிறது. கொயர் அ-வையும் சபை ஆ-வையும் பாடினால் ஒருவர் ‘ருண்’ சொல்லும்போது மற்றவர் ‘ணி’ சொல்வார். நீங்கள் கேட்கிற குழப்பம் அதுதான்.

என் தேர்வு அ. ராகத்தின் உச்சி அந்த ச'. அங்கே ‘கா’ என்ற நெடில் முழு இரண்டு எண்ணிக்கை திறந்து நிற்பதில் ஒரு அழகு இருக்கிறது. உடைத்தால் ‘ரு’ என்ற குறுகிய உகரத்தை உச்சியில் பிடிக்க வேண்டும்.

#11 – சோல்ஃபா_வாத்தியார்

நான் ஆ. சபையார் கையில் இருப்பது புத்தகம், புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படிப் பாடுவார்கள். ஐம்பது பேர் கொயர் ஐந்நூறு பேரைத் திருத்துவதைவிடக் கொயர் மாறுவது எளிது. ‘ரு’-வை அழுத்தாமல் லேசாகத் தொட்டுப் போனால் கூர்மையாகக் கேட்காது.

எதை எடுத்தாலும் மூச்சில் ஒரு கவனம் வேண்டும். ‘ரே’ முடிந்ததும் பொருள் நிற்கிறது, ‘தூய’ புதிதாகத் தொடங்குகிறது. ஆனால் ராகத்தில் ‘தூ’ இந்தப் பாரிலும் ‘ய’ அடுத்த பாரிலும் கிடக்கிறது. ‘தூ – ’ முடிந்ததும் பார் முடிந்துவிட்டதே என்று அங்கே மூச்சு விட்டால் சொல் இரண்டாக அறுந்துவிடும். ‘ரே’-யை ஒன்றரையில் நிறுத்தி அரையில் மூச்சு எடுத்து, ‘தூ’-விலிருந்து கடைசி ‘ரே’ வரை ஒரே இழுப்பு.

#12 – பாமாலை_பிரியை

சபை பாடுகிறபடியே ஆ-வை எடுத்துக்கொள்கிறேன். கொயருக்கு ‘ரு’-வை மட்டும் தனியாகப் பழக்குகிறேன்.

#13 – திருச்சி_கோட்டை

சரித்திரம் கொஞ்சம் சேர்க்கலாமா? இந்தப் பாட்டுக்கும் நம் ஊருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. வரிகளை எழுதிய ரெஜினால்ட் ஹீபர் இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயரின் ஹாட்னெட் ஊரில் குருவாக இருந்தவர். சபை ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் பொருத்தமாகப் பாட்டு இருக்க வேண்டும் என்று ஒரு தொகுப்பைத் திட்டமிட்டார். இது திரித்துவ ஞாயிறுக்கு எழுதியது. அந்தக் காலத்தில் ஆங்கிலிக்கன் சபையில் சங்கீதங்களை யாப்பாக்கிப் பாடுவதுதான் வழக்கம், புதுப் பாட்டுத் தொகுப்புக்கு மேலிடத்து ஒப்புதல் கேட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1823-இல் கல்கத்தா பேராயராக வந்தார். 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில், காலையில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் கொடுத்துவிட்டு வந்தவர், குளிக்கும் தொட்டியில் இறந்து கிடந்தார். வயது 42. தூய யோவான் ஆலயத்தில் அடக்கம். பிஷப் ஹீபர் கல்லூரி அவர் பெயரில்தான். அவருடைய பாட்டுத் தொகுப்பை மனைவி அமீலியா அடுத்த ஆண்டு, 1827-இல், வெளியிட்டார்.

டைக்ஸ் ராகம் போட்டது 1861-இல். அதாவது ஹீபர் இறந்து 35 ஆண்டு கழித்து. இன்று பிரிக்கவே முடியாத இந்த ராகத்தை எழுதியவர் கேட்டதே இல்லை. அவர் இறந்தபோது டைக்ஸுக்கு வயது மூன்று.

#14 – ஆல்டோ_வரிசை

‘நிசேயா’ என்று ராகத்துக்கு ஏன் பெயர்? டைக்ஸ் பிறந்த ஊரா?

#15 – மெட்ரிக்கல்_இன்டெக்ஸ்

இல்லை. டைக்ஸ் 1823-இல் ஹல் நகரில் பிறந்தவர், டரம் பேராலயத்தில் பாடல் பொறுப்புக் குருவாக இருந்தவர், 1862 முதல் அதே ஊரில் தூய ஆஸ்வால்ட் ஆலய குரு. நிசேயா என்பது கி.பி. 325-இல் திருச்சபைச் சங்கம் கூடிய நகரம், இன்று துருக்கியில் உள்ள இஸ்னிக். நாம் சொல்லும் நிசேயா விசுவாசப்பிரமாணத்தில் வருவது அதே பெயர்தான். பாட்டு திரித்துவத்தைப் பற்றியது என்பதால் அந்தப் பெயரை வைத்தார். டைக்ஸின் வழக்கமே அது. கடலில் ஆபத்துக்குள்ளானோருக்கான பாட்டின் ராகத்துக்கு ‘மெலித்தா’ என்று வைத்தார். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் கப்பல் உடைந்து கரையேறிய தீவு.

#16 – டெனர்_பெஞ்ச்

இந்த ராகம் ‘வாஹெட் அவுஃப்’ என்ற ஜெர்மன் கோராலிலிருந்து (சபைப் பாட்டிலிருந்து) எடுத்தது, அதாவது பாஹின் ராகம் என்று ஒரு பேச்சு உண்டே?

#17 – மெட்ரிக்கல்_இன்டெக்ஸ்

ஒற்றுமை இருக்கிறது, ஆனால் இரண்டு திருத்தம். அந்தக் கோராலின் ராகம் பிலிப் நிக்கோலாய் என்பவருடையது, 1599-இல் வெளிவந்தது. பாஹ் அதைக் கையாண்டவர். இரண்டாவது, ஒற்றுமை தொடக்கத்தில்தான்: ச, க, ப என்று ஏறி, ப-வில் நின்று, த-வைத் தொட்டு இறங்குவது. மூன்று ஸ்வரத்தில் ஏறித் தொடங்கும் ராகங்கள் ஏராளம். டைக்ஸ் ‘தூய’ என்ற ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு படியில் வைத்து, மூன்றாவதை இருமடங்கு நீட்டியிருக்கிறார். மூன்று முறை சொல்லும் சொல், மூன்று படி. அந்தப் பொருத்தம் நிக்கோலாயிடமிருந்து வந்ததல்ல.

#18 – பெடல்_போர்டு

இந்த ராகம் நிலைத்ததற்கு ஒரு புத்தகம் காரணம். டைக்ஸ் தன் ராகங்களை அனுப்பிப் பார்த்தது ‘ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்’ என்ற தொகுப்புக்கு. இசைப் பதிப்பாசிரியர் டபிள்யூ. ஹெச். மங்க். 1861 முதல் பதிப்பில் 273 பாட்டு, அதில் டைக்ஸின் ஏழு ராகம். சொல்லையும் ராகத்தையும் சேர்த்தே அச்சிட்டதால் ‘இந்தப் பாட்டுக்கு இந்த ராகம்’ என்பது வீட்டுக்கு வீடு உறுதியானது. அதற்கு முன் அளவு ஒத்துவரும் எந்த ராகத்தையும் எந்தப் பாட்டுக்கும் போடலாம் என்ற நிலை இருந்தது.

பிறகு 1906-இல் ‘இங்கிலிஷ் ஹிம்னல்’ வந்தது. அதன் இசைப் பொறுப்பு ரால்ஃப் வான் வில்லியம்ஸ். விக்டோரியா காலத்து ராகங்களில் குழைவும் இனிப்பும் மிகுந்தவை அவருக்குப் பிடிக்கவில்லை, நல்ல ராகத்தைத் தேர்வது ஒழுக்கம் சார்ந்த விஷயம் என்றே முன்னுரையில் எழுதினார். பலவற்றைப் பின்னிணைப்புக்குத் தள்ளினார். ‘நிசேயா’வை ஒதுக்கவில்லை. ராகத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும்: #2-இல் வாத்தியார் எழுதியதில் ஏழு ஸ்வரத்துக்கு வெளியே ஒன்றுகூட இல்லை. ‘மெலித்தா’வில் அலையேறுவதுபோல் அரைப்படி அரைப்படியாக ஏறும் இடங்கள் உண்டு. இங்கே அப்படி எதுவும் கிடையாது.

#19 – கீபோர்டு_தம்பி

அண்ணன்மாரே, ஆர்கன் இல்லாத சின்னச் சபைக்குக் கார்டு (சேர்த்து வாசிக்கிற ஸ்வரக் கூட்டு) போட்டுக் கொடுங்க. டி மேஜர் போதும். நாங்க கீபோர்டு, கிட்டார் ரெண்டுதான்.

#20 – பெடல்_போர்டு

எளிய கார்டு, பார் வாரியாக. ஒரு பாரில் இரண்டு இருந்தால் இரண்டிரண்டு எண்ணிக்கை.

வரி 1, 3: டி, பி மைனர் | ஏ, டி | ஜி | டி
வரி 2: ஏ | டி, ஏ | ஏ, ஈ செவன் | ஏ
வரி 4: பி மைனர், எஃப் ஷார்ப் மைனர் | ஜி, டி | ஈ மைனர், ஏ செவன் | டி

மூன்று இடத்தில் கவனம், தம்பி.

வரி 2 கடைசியில் ஈ செவன் கட்டாயம். அங்கே பாட்டு ஏ மேஜருக்குப் போய் நிற்கிறது, கார்டுக்குள் ஜி ஷார்ப் வேண்டும், அதாவது பிரதி மத்தியமம். வெறும் ஈ மைனர் போட்டால் வரி முடியாமல் தொங்கும்.

வரி 2, வரி 4 முடிவில் ‘று’, ‘க’ என்று வரும் அரை எண்ணிக்கை ஸ்வரத்தைப் பாருங்கள். அது அடுத்த பாரின் ஸ்வரத்தையே முன்கூட்டிச் சொல்கிறது. பாட்டு முன்னால் போய்விட்டதே என்று கையும் கார்டை மாற்றிவிடும். மாற்றக் கூடாது. ‘ஏ – று’ முழுக்க ஈ செவன், ‘மே’ வந்த பிறகுதான் ஏ. அந்த அரை எண்ணிக்கை உரசல்தான் முடிவுக்கு இழுப்பைக் கொடுக்கிறது.

மூன்றாவது, முதல் பாரில் ச ச, க க என்று இரட்டை இரட்டையாக வருகிறது. மெதுவாக எழும்பும் ஸ்ட்ரிங்ஸ் டோன் வைத்தால் இரண்டும் ஒன்றாகக் குழைந்து, சபைக்குத் தாளம் கேட்காது. ஆர்கன் டோன் வைத்து, வலக்கைச் சுண்டுவிரலை அரை எண்ணிக்கையில் எடுத்து மறுபடி போடுங்கள். உள்ளே இருக்கும் விரல்கள் கட்டையை விடாமல் இருக்கலாம்.

#21 – கீபோர்டு_தம்பி

ரொம்ப நன்றிண்ணே. கடைசிக் கண்ணியை ஈ ஃப்ளாட்டுக்கு ஏத்தணும்னா? டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கலாமா?

#22 – பெடல்_போர்டு

பட்டனை நடுவில் அமுக்கினால் சபை எங்கே போகிறோம் என்று தெரியாமல் நின்றுவிடும், காதுக்கு வழிகாட்ட வேண்டும். மூன்றாம் கண்ணி டி-யில் முடிந்ததும், டி ஸ்வரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களை பி ஃப்ளாட் செவனுக்கு நகர்த்துங்கள்: பி ஃப்ளாட், டி, எஃப், ஏ ஃப்ளாட். நான்கு எண்ணிக்கை பிடித்துவிட்டு ஈ ஃப்ளாட்டில் தொடங்குங்கள். இரண்டு கார்டுக்கும் டி பொது என்பதால் ஒட்டு தெரியாது. பட்டன்தான் வேண்டுமென்றால், அந்த பி ஃப்ளாட் செவனை டி-யிலேயே வாசித்துக் கையை எடுத்த பிறகு ஒன்று கூட்டுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

#23 – ஆல்டோ_வரிசை

நேரலையில் போட்டால் காப்புரிமைப் பிரச்சினை வருமா?

#24 – மெட்ரிக்கல்_இன்டெக்ஸ்

ஹீபர் இறந்தது 1826, டைக்ஸ் 1876. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு. மூல வரிகளுக்கும் ராகத்துக்கும் எதுவும் இல்லை. கடைசிக் கண்ணிக்கு மேலே சோப்ரானோ பாடும் தனி வரியோ புதிய கார்டு அமைப்போ சேர்த்தால் அது எழுதியவருடையது, அவர் இறந்த ஆண்டைப் பார்க்க வேண்டும். ஒலிப்பதிவுக்கோ அது வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு.

#25 – பாமாலை_பிரியை

கொயர் பிரதியில் இப்படிக் குறித்துவிட்டேன், தவறிருந்தால் சொல்லுங்கள்: சுருதி டி, வேகம் 88. முதல் வரி ‘சர். வ வல் ல’. ‘நாதா’ இறக்கம், ‘ஏகா’ நிலை. ‘காருணியரே’ ஐந்தசை, ‘ரு’ லேசாக. ‘ரே’-க்குப் பின் அரை மூச்சு, ‘தூய’ அறுக்காமல். கண்ணிகளுக்கிடையே இரண்டு எண்ணிக்கை நிசப்தம்.

#26 – சோல்ஃபா_வாத்தியார்

சரியாக இருக்கிறது. ஒன்று மட்டும் சேருங்கள்: வரி 2-இல் ‘சங்’ ப, ‘கீ’ கீழ் ரி, ‘தம்’ மறுபடி ப. மேல் ச'-விலிருந்து ரி வரை நான்கே எண்ணிக்கையில் இறங்கி உடனே ஏறுகிற இடம், ரி-யைச் சபை க-வாகப் பாடிவிடும். அந்த ஒரு பாரை மட்டும் வாத்தியம் இல்லாமல் ஐந்தாறு முறை பாடவைத்த பிறகு முழுப் பாட்டுக்குப் போங்கள்.

#27 – டெனர்_பெஞ்ச்

88 எனக்கும் சம்மதம்.